கேளாதிருந்த சாட்சிகளும் ஓர் ஒலித்தொடரும்

குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து நகருக்குச் செல்லும் காலைப் புகையிரதத்தில் பத்திரிகை விரிப்போரை இன்று காண்பது அரிது. பலரது காதுகளிலும் 'பொட்காஸ்ட்' எனும் ஒலித்தொடர்களே. அவற்றுள்ளும் குற்றக் கதைகளுக்குப் பெருங்கிராக்கி. இவற்றை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடலாமா? சிட்னியில் நிகழ்ந்த ஒரு வழக்கு எம்மைச் சிந்திக்க வைக்கின்றது.

சிட்னியின் வடபுறக் கடலோரமான பேவியூவில் வாழ்ந்த லினெட் டோசன் இரு பெண் குழந்தைகளின் தாய். 1982 ஜனவரியில் அவர் காணாமற்போனார். மனைவி தானாகவே போய்விட்டார் என்றார், உடற்பயிற்சி ஆசிரியரான கணவர் கிறிஸ் டோசன். ஏறத்தாழ ஆறு வாரங்களின் பின்னரே அவர் பொலிசில் முறையிட்டார். அதற்குள், தமது பாடசாலையில் பயின்ற மாணவியொருத்தியை வீட்டில் குடியமர்த்தியிருந்தார். ஆசிரியப் பணியில் காலங்கழித்த எம்போன்றோர் தலைகுனிய வேண்டிய செய்தி இது.

2001, 2003 ஆகிய ஆண்டுகளில் நடந்த இரு மரண விசாரணைகளும் கொலைக்குற்றம் சாட்டப்பரிந்துரைத்தன. ஆயினும், சான்று போதாதென அரச வழக்குத்தொடுநர் மறுத்தார்.

2018 மே மாதத்தில், 'த ஒஸ்ட்ரேலியன்' நாளிதழின் மூத்த புலனாய்வுச் செய்தியாளர் ஹெட்லி தோமஸ் 'த டீச்சர்ஸ் பெட்' என்ற ஒலித்தொடரைத் தொடங்கினார். 2007இல் பயங்கரவாதப் பழி சுமத்தப்பட்ட இந்திய மருத்துவர் ஹனீஃபின் வழக்கிலிருந்த ஓட்டைகளை வெளிக்கொணர்ந்தவரும் இவரே. அயலவர், உறவினர், பழைய மாணவர் எனப் பலரையும் தேடிச்சென்று பேசவைத்தார். பொலிசாரின் மறுவிசாரணையும் முன்னரே நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கணவர் கைதானார். 2022 ஆகஸ்ட் 30இல் குற்றவாளியெனத் தீர்ப்பாகி, 24 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீடும் 2024இல் தள்ளுபடியாயிற்று.

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஒலித்தொடர் எழுப்பிய பரபரப்பால் வழக்குத் தாமதமாயிற்று. 2019இல் அவுஸ்திரேலியாவில் அத்தொடர் அகற்றப்பட்டது. ஜூரியின்றி நீதிபதி ஒருவரே வழக்கை விசாரித்தார். தொடரின் சில பகுதிகள் நடுநிலை குன்றியவை என அவரே சுட்டிக்காட்டினார். ஊர்வாய் நீதிமன்றமாகிவிடலாகாது என்பதே இதன் பாடம்.

காணாமற்போனவர் என்ற சொல் எம்மவர்க்குப் புதிதன்று. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தாய்மார் தொடங்கிய போராட்டத்தை நாமறிவோம். விடைகாணாமலே கண்மூடிய பெற்றோர் பலர். 36 ஆண்டுகளின் பின்னரும் சாட்சியங்கள் பயன்பட்டனவெனில், எம் முதியோர் நெஞ்சில் சுமப்பவையும் வீண்போகா. ஆண்டு, இடம், உடனிருந்தோர் பெயர் என்பவற்றை இன்றே பதிந்து வைப்போம். கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தெழுதுவோம். என்றோ ஒருநாள் நீதி கேட்கப்படும்போது, அவ்வேடுகள் பேசும்.