அடுக்கி வைத்தால் வேகம் கூடுமா?

திருவண்ணாமலை கார்த்திகைத் தீபத் திருவிழாவின் 7-ம் நாளில் மகாரதம் மாட வீதியில் வரும். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிப்பார்கள். ஆனால் எப்போது இழுப்பது, எப்போது நிறுத்துவது என்று ஆளாளுக்கு உத்தரவு போட்டால் தேர் நகராது. கம்ப்யூட்டரில் பல பிராசசர்களைச் சேர்த்து வேலை வாங்குவதிலும் இதே சிக்கல்தான்.

டிபன் கேரியர் கம்ப்யூட்டர்

நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிய மதர்போர்டு இருக்கிறது. தொழிற்சாலை இயந்திரம், ஆய்வுக் கருவி, வாகனம் ஆகியவற்றின் உள்ளே அமரும் கம்ப்யூட்டர்களுக்கு அவ்வளவு இடம் கிடையாது. இவற்றுக்காக 1992-ல் வந்த தரம்தான் பிசி/104. போர்டின் அளவு சுமார் 90-க்கு 96 மி.மீ. உள்ளங்கையில் அடங்கிவிடும். 104 பின்கள் கொண்ட கனெக்டர் மூலம் போர்டுகளை டிபன் கேரியர் போல ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகலாம். ஓர் அடுக்கில் பிராசசர், அடுத்ததில் நெட்வொர்க், அதற்கடுத்ததில் சென்சார் இணைப்பு என்று தேவைக்கேற்ப அடுக்கலாம்.

இரண்டு பிராசசர் போர்டு வைத்தால்?

இங்குதான் பலரும் தவறு செய்கிறார்கள். அடுக்கில் உள்ள எல்லா போர்டுகளும் ‘பஸ்’ என்னும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. அதை நிர்வகிப்பது பிராசசர் போர்டு. அப்படி இரண்டு இருந்தால், இரண்டும் ஒரே கம்பியில் வெவ்வேறு சிக்னல்களை அனுப்பும். தகவல் குழம்பும், சிஸ்டம் பூட் ஆகாமலே போகலாம்.

வழி என்ன? இரண்டாவது போர்டின் பஸ் பின்களை இணைக்காமல் விட்டு, அதற்குக் கரண்ட்டைத் தனியாகக் கொடுத்து, இரண்டையும் ஈதர்நெட் அல்லது சீரியல் கேபிள் மூலம் பேச வைக்கலாம். அப்போது ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்து, முடிவை மட்டும் மற்றதற்குச் சொல்லும்.

நம் நாட்டு ‘பரம்’

இதே எண்ணம் பெரிய அளவிலும் வெற்றி பெற்றது. 1988-ல் புனேயில் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம், 1991-ல் ‘பரம் 8000’ சூப்பர் கம்ப்யூட்டரை உருவாக்கியது. அதில் டிரான்ஸ்பியூட்டர் என்னும் சிப்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சொந்த மெமரி உண்டு. பக்கத்துச் சிப்களுடன் பேச 4 இணைப்புகள் உண்டு. பொதுப் பாதைக்காகச் சண்டையே இல்லை.

எத்தனை சேர்த்தாலும் வேகமா?

இல்லை. ஒரு வேலைக்கு 100 நிமிடம் ஆகிறது என்போம். அதில் 80 நிமிட வேலையைப் பங்கிடலாம். மீதி 20 நிமிட வேலையை வரிசையாகத்தான் செய்ய வேண்டும். 4 பிராசசர் போட்டால் 25 நிமிடத்தில் முடியாது. 20-ம் 20-ம் சேர்ந்து 40 நிமிடம் ஆகும். ஆயிரம் பிராசசர் போட்டாலும் 20 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. இதற்கு ஆம்டால் விதி என்று பெயர்.

உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் டூயல் கோர், குவாட் கோர் பிராசசருக்கும் இது பொருந்தும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்பார்மன்ஸ்’ பகுதியைப் பாருங்கள். 4 லாஜிக்கல் பிராசசர் உள்ள கம்ப்யூட்டரில், ஒரு புரோகிராம் மெதுவாக ஓடும்போதும் மொத்தப் பயன்பாடு 25 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறதா? பெரும்பாலும் அந்த வேலை பங்கிட முடியாதது. அதற்காக அதிகக் கோர் உள்ள புதிய பிராசசருக்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஊர் கூடித் தேர் இழுக்கலாம்; ஊசியில் நூல் கோர்க்க ஒரு கைதான் வேண்டும்.