பொறுத்திருக்கும் வைத்தியர் எங்கே?

சென்ற வாரம் நெடுநாளைய நண்பர் ஒருவர் நம் காரியாலயத்திற்கு வந்திருந்தார். அவருடைய இளைய புதல்வி ஏழு மாதக் கர்ப்பிணி, தலைச்சன் பிரசவம். மூத்த புதல்விக்குச் சில வருஷங்களுக்கு முன் ஆபரேஷன் செய்தே குழந்தையை எடுத்தார்கள். வலி கண்டு ஆறு மணி நேரம் ஆவதற்குள் ஒரு காகிதத்தை நீட்டி மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினார்களாம். காரணம் இன்னதென்று அப்பெண்ணிடம் எவரும் சொல்லவில்லை. இன்றுவரை அவள் அறியாள். "இவளுக்காவது பொறுத்திருந்து பார்க்கும் டாக்டர் கிடைக்கமாட்டாரா? அவரைக் கண்டுபிடிப்பது எப்படி?" என்று நண்பர் கேட்டார். இது அவர் ஒருவருடைய கேள்வியன்று. ஆகையால் அவருக்குச் சொன்ன விடையை நேயர்களுக்கும் கூறுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறோம். ரணசிகிச்சையை நாம் நிந்திக்க வரவில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்டு மனம் நொந்தே ஐடா ஸ்கடர் அம்மையார் வைத்தியம் கற்று, 1900இல் வேலூரில் சிகிச்சையைத் தொடங்கினார். அந்நாட்கள் திரும்ப வேண்டுமென்று எவரும் விரும்பார். 2018இல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முற்பட்டதனால் ஓர் இளந்தாய் உயிர் துறந்ததையும் நாம் மறக்கவில்லை. தக்க சமயத்தில் எடுக்கப்படும் கத்தி தாயையும் சேயையும் காக்கிறது. அவசியமில்லாத சமயத்தில் எடுக்கப்படும் கத்தியைப் பற்றியதே நமது வழக்கு.

2015-16ஆம் வருஷத்துத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 34 பிரசவங்கள் ஆபரேஷன் மூலம் நடந்தன. 2019-21ஆம் வருஷத்து ஆய்வில் அது 45 ஆயிற்று. இந்தியா முழுவதற்கும் கணக்கு 21 அல்லது 22தான். தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 36. தனியார் ஆஸ்பத்திரிகளிலோ ஏறக்குறைய 64! ஒரு தேசத்தில் நூற்றுக்கு 10 வரை ஆபரேஷன் கூடும்போது தாய், சேய் மரணம் குறைகிறதென்றும், அதற்குமேல் கூடுவதனால் மரணம் குறைந்ததாகக் காணவில்லையென்றும் 2015இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. நம் பெண்களின் உடற்கூறு ஐந்தே வருஷங்களில் மாறிவிட்டதா? இல்லை. மாறியது வைத்தியம் நடக்கும் முறையே.

காரணங்கள் பல. நர்ஸிங் ஹோமில் ஒரே டாக்டர் இரவும் பகலும் காத்துக் கிடப்பது கடினம். வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சம் ஒருபுறம். ஜோதிடரிடம் நாளும் நேரமும் குறித்துக்கொண்டு வந்து, அந்த நாழிகையில் குழந்தையை எடுத்துத் தரும்படி வேண்டுகிற குடும்பங்கள் மற்றொருபுறம். பழியை வைத்தியர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

பொறுத்திருத்தல் என்பது கையைக் கட்டிக்கொண்டிருப்பதன்று. குழந்தையின் இருதயத் துடிப்பை அடிக்கடி கேட்பதும், தாயை நடமாட விடுவதும், அருந்த நீராகாரம் தருவதும், அவளுக்கு இசைந்த நிலையில் பிரசவிக்க விடுவதும், துணைக்கு ஒருவரை அருகில் வைப்பதும் அதில் அடங்கும். கர்ப்பப்பையின் வாய் 5 சென்டிமீட்டர் திறந்தபின்பே பிரசவம் மும்முரமடைந்ததாகக் கொள்ள வேண்டும். அதன்பின்னும் தலைச்சன் பிரசவத்திற்கு 12 மணி நேரம் வரை ஆகலாம். தாயும் சிசுவும் நலமாயிருக்கையில் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்ற ஒரே காரணத்திற்காக அவசரப்படலாகாது என்று 2018இல் அதே ஸ்தாபனம் வகுத்திருக்கிறது.

அப்படியானால் நம் நண்பர் கேட்க வேண்டியவை எவை? "சுகப்பிரசவத்திற்கு முயல்வீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "பார்க்கலாம்" என்றே சொல்வார்கள். ஆகையால் கணக்கைக் கேட்க வேண்டும். மொத்தக் கணக்கு போதாது. ஆபத்தான கேஸ்கள் வந்து சேரும் பெரிய ஆஸ்பத்திரியில் அது கூடுதலாகவே இருக்கும். தலைச்சன் பிரசவத்திற்குத் தானாக வலி கண்டு, மாதம் நிறைந்து வருகிறவர்களில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆகிறது என்று கேட்கவேண்டும். குறித்த நாள் கடந்தால் எத்தனை நாள் பொறுப்பீர்கள்? பிறப்புவாயை வழக்கமாகவே கீறுவீர்களா, அவசியப்பட்டால் மட்டுமா? பெண்ணின் தாயார் கூடவே இருக்கலாமா? இரவில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரும் ரத்தமும் கிடைக்குமா? இக்கடைசிக் கேள்வி முக்கியமானது. ஆபரேஷனுக்கு எந்நேரமும் ஆயத்தமாயிருப்பவரே அச்சமின்றிப் பொறுத்திருக்கவும் வல்லவர். இக்கேள்விகளுக்குக் கோபங்கொள்ளும் வைத்தியரை விட்டு விலகுதல் நலம். அதுவும் ஏழாம் மாதத்திலேயே செய்யத்தக்கது. வலி கண்டபின் ஆஸ்பத்திரி மாறுவது எளிதன்று.

சட்டமும் பெண்ணின் பக்கமே இருக்கிறது. சிகிச்சையின் தன்மை, பயன், அபாயம், மாற்று வழி ஆகியவற்றை அறிந்து நோயாளி கொடுப்பதே சம்மதம் என்று 2008இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. தெளிந்த அறிவுடன் இருக்கும் வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாகக் கணவன் இடும் கையெழுத்து அவளுடைய சம்மதம் ஆகாது. கட்சிக்காரரைக் கேளாமல் வக்கீல் ராஜி செய்துகொள்ளலாமா? அப்படியிருக்க, பெண்ணைக் கேளாமல் அவள் வயிற்றில் கத்தி வைப்பது எங்ஙனம் தகும்?

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. பிரசவ வேதனையில் கூடவே ஒருவர் துணையிருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, ஆபரேஷன் குறைகிறது என்று பல தேசங்களில் 15,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த பரிசோதனைகள் காட்டுகின்றன. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு பல வருஷங்களாக உண்டு. அது ஏட்டளவில் நின்றுவிடலாகாது. நர்ஸுகளுக்கு 18 மாதப் பயிற்சி அளித்து மருத்துவச்சிகளாக்கும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2018இல் வெளியிட்டது. சாதாரணப் பிரசவத்தை அவர்கள் பார்த்துக்கொண்டால், சிக்கலான பிரசவத்திற்கு டாக்டர்களின் பொழுது மிஞ்சும். ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் ஆபரேஷன் கணக்கை வாசலில் எழுதி வைக்கவேண்டும் என்பதும் நமது கோரிக்கை.

நண்பர் இக்கேள்விகளைத் தம் சட்டைப்பையில் எழுதி வைத்துக்கொண்டு எழுந்தார். அவரை நிறுத்தி நாம் சொன்னது ஒன்றே: "காகிதத்தை உங்கள் மகளிடம் கொடுங்கள். கேட்க வேண்டியவள் அவள்."