டிராக் பந்தயக் கார் எஞ்சின்

டிராக் பந்தயம் என்பது நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, நேர்க்கோட்டில் கால் மைல் தூரத்தை, அதாவது சுமார் 402 மீட்டரை, யார் முதலில் கடக்கிறார் என்று பார்க்கும் பந்தயம். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாக நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பாயும். பெரும்பாலும் பத்துப் பதினைந்து வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். இதற்கென்றே செய்யப்பட்ட வண்டிகள் ஒரு வகை. பதிவெண், காப்பீடு, முகப்பு விளக்கு ஆகியவற்றோடு பொதுச்சாலையில் ஓட்டிச் செல்லக்கூடிய காரையே பந்தயத்துக்கும் தயார் செய்வது இன்னொரு வகை. இந்தக் கட்டுரை இரண்டாம் வகைக் கார்களின் எஞ்சினைப் பற்றியது.

ஐந்து எச்.பி.யும் ஆயிரம் எச்.பி.யும்

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டில் கிணற்றுத் தண்ணீர் இறைத்த ஆயில் எஞ்சினைப் பார்த்தவர்களுக்குக் குதிரைத்திறன் என்ற சொல் புதிதல்ல. ஒற்றை சிலிண்டர், சுமார் அரை லிட்டர் கொள்ளளவு, நிமிடத்துக்கு 1500 சுற்று, 5 எச்.பி. டீசல் இருக்கும்வரை இரவு முழுக்க ஓடும். லிட்டருக்குப் பத்து எச்.பி. என்பது அதன் கணக்கு. சாலையில் ஓடும் டிராக் கார்களில் 5 லிட்டர் எஞ்சினிலிருந்து 1000 எச்.பி. எடுப்பது இன்று அரிதல்ல. அது லிட்டருக்கு 200 எச்.பி. எங்கிருந்து வந்தது இந்த இருபது மடங்கு?

திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே வழி இரண்டுதான்: எஞ்சினை வேகமாகச் சுழற்றலாம், அல்லது ஒவ்வொரு சுற்றிலும் அதிக எரிபொருளை எரிக்கலாம். டிராக் எஞ்சின் இரண்டையும் செய்கிறது.

எரிபொருளைக் கூட்டுவது எளிது. பெரிய இன்ஜெக்டரும் பெரிய பம்பும் போட்டால் போதும். சிக்கல் காற்றில் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 1000 எச்.பி. கொடுக்கும் எஞ்சின் வினாடிக்குச் சுமார் 60 கிராம் பெட்ரோலை எரிக்கும்; முழுத்திறனில் கலவையைச் சற்று அடர்த்தியாக வைப்பதால் அதற்கு 750 கிராம் அளவுக்குக் காற்று தேவை. எடையாகச் சொன்னால் குறைவாகத் தோன்றும். கொள்ளளவில் அது 600 லிட்டருக்கு மேல். வீட்டு மாடியில் இருக்கும் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைவிடப் பெரிய அளவு காற்றை எஞ்சின் ஒவ்வொரு வினாடியும் விழுங்க வேண்டும்.

5 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 7000 சுற்றில் தானாக உறிஞ்சக்கூடியது வினாடிக்கு 290 லிட்டர்தான். இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே ஒரு சிலிண்டர் காற்று இழுக்கும் என்பதால் இந்த அளவு. மீதியை வெளியிலிருந்து அழுத்தித் திணிக்க வேண்டும். வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டேகால் மடங்கு அழுத்தம் கொடுத்தால் கணக்கு ஏறத்தாழ சரியாகும்.

திணிக்கும் கருவிகள்

டர்போசார்ஜர், வெளியேறும் புகையின் விசையில் சுழலும் ஒரு விசையாழி. 1905இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி இதன் அடிப்படைக் கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். சூப்பர்சார்ஜர் எஞ்சினின் பெல்ட்டாலேயே சுழலும். அதன் பழைய வடிவமான ரூட்ஸ் ஊதுகருவி 1860களில் அமெரிக்காவில் தொழிற்சாலை வேலைக்காக உருவானது. கார் பிறக்கும் முன்பே பிறந்துவிட்ட கார் உறுப்பு அது. மூன்றாவது, நைட்ரஸ் ஆக்சைடு. காற்றில் எடைக்கணக்கில் 23 சதவீதம் ஆக்சிஜன் என்றால் இந்த வாயுவில் 36 சதவீதம். சினிமாவில் காட்டுவதுபோல் அது எரிபொருள் அல்ல, எரிவதற்கு உதவும் ஆக்சிஜனைச் சுமந்து வரும் வாயு மட்டுமே.

காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். 35 டிகிரி வெயிலில் டர்போவுக்குள் போகும் காற்று இரண்டேகால் மடங்கு அழுத்தத்தில் வெளியே வரும்போது 140 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. திணித்ததன் பயன் பாதி போய்விடும். அதனால் இடையில் இன்டர்கூலர் வைத்துக் குளிர்விக்கிறார்கள். பந்தய நாளில் ஒரு பெட்டி நிறையப் பனிக்கட்டியைக் கொட்டி, அந்தத் தண்ணீரை இன்டர்கூலரில் சுற்றவிடுவது வழக்கம். நம் ஊர்ச் சித்திரை மாதத்து 40 டிகிரியில், 15 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால், எஞ்சினுக்குள் போகும் முன்பே காற்றின் அடர்த்தி 8 சதவீதம் குறைந்திருக்கும்.

எது முதலில் உடையும்

எஞ்சின் கட்டுபவரின் வேலை திறனைக் கூட்டுவது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அவர் நேரத்தின் பெரும்பகுதி, அடுத்து எது உடையும் என்று யோசிப்பதிலேயே கழிகிறது.

பிஸ்டனை எடுத்துக்கொள்வோம். 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள எஞ்சின் 7000 சுற்றில் ஓடும்போது, மேல்முனையில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல மூவாயிரம் மடங்குக்கு மேல் போகிறது. அரைக் கிலோ பிஸ்டன் அந்தக் கணத்தில் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளதுபோல் கனெக்டிங் ராடை இழுக்கும். நொடிக்கு நூறு தடவைக்கு மேல் இது நடக்கிறது. சுழற்சி வேகம் இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும். வார்ப்பில் செய்த பிஸ்டனையும் சாதாரண ராடையும் எடுத்துவிட்டு, அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு உறுப்புகளைப் போடுவது இதனால்தான்.

பிஸ்டன் ரிங்கின் வாய் இடைவெளியும் கவனிக்க வேண்டியது. வெப்பத்தில் ரிங் நீளும். தொழிற்சாலை அளவிலேயே இடைவெளி விட்டால், அதிக அழுத்தத்தின் சூட்டில் இரு முனைகளும் முட்டிக்கொண்டு, பிஸ்டனின் விளிம்பையே பெயர்த்துவிடும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குச் சேமிப்பு ஒரு எஞ்சினைத் தின்றுவிடும் இடம் இது. சிலிண்டர் ஹெட் மேலே தூக்கப்படாமல் இருக்கப் போல்ட்டுக்குப் பதிலாக வலுவான ஸ்டட், பல அடுக்கு எஃகு கேஸ்கெட் ஆகியவற்றைப் போடுகிறார்கள். எஞ்சின் தாங்கிவிட்டால் கிளட்ச் உடையும், அதை மாற்றினால் கியர்பெட்டி, பிறகு ஆக்சில்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பகை நாக்கிங். தீப்பொறியிலிருந்து சீராகப் பரவ வேண்டிய நெருப்பு, அழுத்தம் தாங்காமல் மூலையில் தானாக வெடிப்பதே அது. அதைத் தடுப்பது எரிபொருளின் ஆக்டேன் எண். இந்தியாவில் சாதாரணப் பெட்ரோல் 91 ஆக்டேன். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகம் செய்தது. அமெரிக்காவில் சாலை டிராக் கார்களுக்கு விருப்பமானது எத்தனால் மிகுந்த இ85. எத்தனால் ஆவியாகும்போது, அதே எடைப் பெட்ரோல் உறிஞ்சுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சிக் காற்றைக் குளிர்விக்கும், ஆக்டேனும் அதிகம். ஆனால் பெட்ரோலைவிட ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுதலாகச் செலவாகும். நம் பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. அதை ஊற்றினால் இ85இன் பயன் கிடைக்கும் என்று எண்ணுவது தவறு.

சாலையிலும் ஓட வேண்டும்

பந்தயத்துக்கு மட்டுமான எஞ்சினில் தண்ணீர் ஓடும் வழிகளைச் சிமெண்டு போன்ற கலவையால் அடைத்துப் பிளாக்கை உறுதியாக்குவதுண்டு. சில வினாடிகளே முழுத்திறனில் ஓடுவதால் அது தாங்கும். அந்த வண்டியை மதுரை மாட்டுத்தாவணி சிக்னலில் பத்து நிமிடம் நிறுத்தினால் கொதித்துவிடும். வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட் மேல்வேகத்தில் திறன் தரும். ஐடிலில் எஞ்சின் குலுங்கும், பிரேக்குக்குத் தேவையான வெற்றிடமும் குறையும். சாலைக் கார் இவற்றுக்கெல்லாம் நடுவில் ஒரு சமரசம்.

அந்தச் சமரசம் ஏன் முடிகிறது என்றால், 1000 எச்.பி. எஞ்சின் கொண்ட கார் சாலையில் 90 கி.மீ. வேகத்தில் போக இருபது முப்பது எச்.பி. போதும். அந்த அளவுக்குத்தான் அப்போது எஞ்சின் சூடாகும். அமெரிக்காவில் 2005 முதல் நடக்கும் ஹாட் ராட் டிராக் வீக் போட்டி இதையே சோதிக்கிறது. ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் ஒரு பந்தயத் திடல். திடலுக்குத் திடல் பொதுச்சாலையில் அதே காரை ஓட்டிப் போக வேண்டும். மொத்தம் சுமார் ஆயிரம் மைல். 2019இல் டாம் பெய்லி 1969 மாடல் கமாரோ வடிவக் காரில் 5.99 வினாடியில் கால் மைலைக் கடந்தார்.

ஒரு பள்ளிக்கணக்கு

எஞ்சின் திறன் முழுவதும் வேகமாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், குறிப்பிட்ட தூரத்தைக் கடக்கும் நேரம், எடையைத் திறனால் வகுத்து வருவதன் கனமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 1500 கிலோ காருக்கு 100 எச்.பி. என்றால் கால் மைலுக்கு 15.4 வினாடி. 1000 எச்.பி. என்றால் 7.2 வினாடி. திறன் பத்து மடங்கு, நேரமோ பாதிக்குச் சற்றுக் கீழ். 2000 எச்.பி. ஆக்கினாலும் 5.7தான்.

இதுகூட டயர் வழுக்காது என்ற அனுமானத்தில் வந்தது. சாலை டயரின் பிடிப்பை நல்ல எண்ணத்தோடு புவியீர்ப்புக்குச் சமமாக வைத்துக்கொண்டாலும், அந்த 1000 எச்.பி. காரால் மணிக்கு 180 கி.மீ. வேகம் வரும்வரை முழுத்திறனைத் தரையில் இறக்க முடியாது. டயர் புகையும், வண்டி பக்கவாட்டில் இழுக்கும், அவ்வளவே. டிராக் திடல்களில் தளத்துக்குப் பசை தெளித்து, ரப்பர் ஏற்றிப் பிடிப்பைக் கூட்டுகிறார்கள். பொதுச்சாலையில் அது இல்லை. தூசியும் எதிரே வரும் டிராக்டரும்தான் உண்டு.

தமிழ்நாட்டில்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளம்தான் நெடுங்காலம் தென்னிந்தியாவின் பந்தயக் களம். 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தனக்கென ஒரு தடம் அமைத்துக்கொண்டது. அந்தத் தடத்தின் நேர்ப்பகுதியில் மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் போட்டிகள் நடந்துள்ளன. பெங்களூரின் ஹேமந்த் முத்தப்பா அங்கே பலமுறை பட்டம் வென்றவர். காரைவிட மோட்டார் சைக்கிளே இந்திய டிராக் பந்தயத்தில் முன்னிற்பதற்குச் செலவு ஒரு காரணம்.

சட்டம் இன்னொரு காரணம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் விடுவது 189ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றம். ஆகவே மேலே சொன்ன அமெரிக்க வகைக் கார் இந்தியாவில் சட்டப்படி சாலையில் ஓட வழியில்லை என்றே கொள்ள வேண்டும். வழக்கமான வாகனக் காப்பீடும் பந்தயத்தில் நேர்ந்த சேதத்துக்குப் பணம் தராது.

அருப்புக்கோட்டையை ஒட்டிச் செல்லும் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச்சாலை நேராகவும் அகலமாகவும் இருப்பதால், இரவில் அங்கே வேகம் பார்க்கும் ஆசை இளைஞர்களுக்கு வருவது புரிந்துகொள்ளக்கூடியதே. மணிக்கு 240 கி.மீ. தாண்டும் கார்களுக்கு அமெரிக்க டிராக் சங்கமான என்.எச்.ஆர்.ஏ. பாராசூட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது, திடலின் முடிவுக்கோட்டுக்கு அப்பால் நிற்பதற்கென்றே நீண்ட வெற்றுத்தளம் விடப்படுகிறது. நான்குவழிச்சாலையில் அந்த இடத்தில் ஒரு கிராமத்துக் குறுக்குச்சாலை இருக்கும். முறையாக ஓட்ட விரும்புபவர், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பிடம் போட்டி உரிமம் பெற்று, வண்டியை லாரியில் ஏற்றித் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.