மெய்ம்மறையும் நியமமும்

கவசத்தைப் பழந்தமிழர் மெய்ம்மறை என வழங்கினர். மெய்யை மறைத்துக் காப்பது எனும் பொருளுடைய அச்சொல் போர்க்களத்திற்கேயன்றி இக்காலத்து விளையாட்டுக் களத்திற்கும் நன்கு பொருந்துவதாகும். ஐக்கிய அமெரிக்காவிற் பெரும்பாலும் சிறுமியர் ஆடும் சொவ்ற்போல் விளையாட்டிற் பிடிப்பாளராக அமர்பவர் தலைமுதற் கணைக்கால்வரை மெய்ம்மறை பூண்டே களமிறங்குவர். அக்கவசம் உண்மையாகவே காக்குமா என்பதை ஆராய்பவர் யாவர், ஆராயும் முறை யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொவ்ற்போல் 1887ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரில் ஓர் உள்ளக விளையாட்டாகத் தோன்றியது. பெயரளவில் மென்பந்தாயினும், நம்மூர்ச் சிறுவர் ரெனிஸ் பந்து கொண்டு ஆடும் மென்பந்துக் கிரிக்கெற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பன்னிரண்டு அங்குலச் சுற்றளவும் ஏறத்தாழ ஏழு அவுன்சு நிறையும் உடைய இதன் பந்து தொட்டுப் பார்ப்பவர்க்கு வன்பந்தாகவே தோன்றும். உயர்நிலைப் பாடசாலை ஆட்டத்திற் பந்து வீசுபவருக்கும் துடுப்பாட்டக்காரர் நிற்கும் தளத்திற்கும் இடையேயுள்ள தூரம் 43 அடி. மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து அத்தூரத்தை அரைச் செக்கனுக்குள் கடந்துவிடும். துடுப்பாட்டக்காரருக்குப் பின்னே குந்தியிருக்கும் பிடிப்பாளர், துடுப்பில் உராய்ந்து திசை மாறும் பந்தைக் கண்டு விலகுதல் அரிது. ஆகவே அவருக்குக் காப்பு அளிப்பது அவருடைய விரைவன்று. அவர் அணிந்த கவசமேயாம்.

பிடிப்பாளரின் முகக்காப்பு புதியதொன்றன்று. ஹார்வட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெட் தேயர் என்பார் பேஸ்போல் விளையாட்டுக்கென அமைத்த கம்பி முகக்காப்புக்கு 1878இற் காப்புரிமை பெற்றார். எனினும் கவசம் உண்டாயிற்றேயன்றி, அதன் வலிமையை அளக்கும் பொது அளவுகோல் நெடுங்காலம் உண்டாகவில்லை. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் இளைஞர் பலர் தலைக் காயத்தால் உயிரிழந்ததன் பின்னரே, 1969இல், விளையாட்டு உபகரண நியமங்களுக்கான தேசிய செயற்குழு நிறுவப்பட்டது. இதனை 'நொக்சி' எனச் சுருக்கி வழங்குவர்.

இச்சபை அரசாங்கத் திணைக்களம் அன்று. கவசங்களைச் செய்வதுமில்லை, விற்பதுமில்லை. எத்தகைய சோதனையில் எந்த அளவைக் கடத்தலாகாது என வரையறுத்தலே அதன் பணி. தலைக்கவசச் சோதனையில், மனிதத் தலையை ஒத்த மாதிரி உருவொன்றிற் கவசத்தைப் பொருத்தி, மோதலின்போது அவ்வுருவிற் பிறக்கும் அதிர்வின் கடுமையையும் அது நீடிக்கும் நேரத்தையும் ஒருங்கே கணித்துக் கடுமைச் சுட்டெண் பெறுவர். அது 1200ஐ விஞ்சுமாயின் கவசம் தேறாது. தேறியதாக உற்பத்தியாளர் தாமே கூறுதலும் போதாது. சுதந்திரமான சான்று வழங்கும் நிறுவனமொன்று அதனை உறுதிசெய்தல் வேண்டும். அதன் பின்னரே சபையின் முத்திரையைப் பொறிக்கலாம். இந்நியமம் தன்னளவில் எவரையும் கட்டுப்படுத்தாது. உயர்நிலைப் பாடசாலைச் சங்கங்களின் தேசிய சம்மேளனம் போன்ற அமைப்புக்கள் தம் விதிநூலில் அதனை ஏற்கும்போதே அது களத்திற் சட்டமாகின்றது.

மார்புக் கவசத்தின் கதை இதனினும் சிந்தனைக்குரியது. நெஞ்சிற் படும் மிதமான அடியொன்று, விலா எலும்பை முறிக்காமலே, இளைஞர் ஒருவரின் இதயத்தை நிறுத்திவிடக்கூடும். 1998இல் வெளியான ஆய்வொன்றில், லிங்க், மாரொன் முதலிய ஆய்வாளர் மயக்கமுற்ற பன்றிகளின் நெஞ்சில் மணிக்கு 30 மைல் வேகத்தில் பேஸ்போல் பந்தின் பருமனும் நிறையும் உடைய மரப்பொருளை மோதச்செய்து இதன் காரணத்தைக் காட்டினர். இதய மின்வரைபில் 'ரீ' அலை உச்சமடைவதற்கு 30 முதல் 15 மில்லிசெக்கன் முன்னர் அடி விழுந்தால், இதயவறை ஒழுங்கிழந்து நடுங்கத் தொடங்கும். 2006இல் வெளியான மற்றோர் ஆய்வு, அந்நாளில் விற்பனையிலிருந்த பேஸ்போல் மார்புக் கவசங்களிற் சோதிக்கப்பட்டவை இவ்வாபத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை எனக் கண்டது. தசையையும் எலும்பையும் காத்தற்கென அமைந்த பஞ்சணை இதயத்தையும் காக்கும் என மக்கள் நம்பியிருந்தனர். நம்பிக்கை வேறு, சோதனை வேறு என்பது அப்போது தெளிவாயிற்று.

இதன் பயனாக, இதயப் பகுதியில் விசையளவிகள் பொருத்திய மாதிரி நெஞ்சைக் கொண்டு சோதிக்கும் நியமம் 2017இல் ஏற்கப்பட்டது. 2020 ஜனவரி முதலாந் திகதி முதல் உயர்நிலைப் பாடசாலைப் பேஸ்போற் பிடிப்பாளரின் மார்புக் கவசம் இந்நியமத்திற்கு அமைதல் வேண்டும் எனச் சம்மேளனம் விதித்தது. ஓர் ஆட்டத்துக்கு விதித்தது மற்றையதற்கும் தானே பொருந்தும் எனக் கொள்ளல் தவறு. பேஸ்போற் பந்து ஐந்து அவுன்சு அளவினது. சொவ்ற்போற் பந்து அதனினும் பெரிது, பாரமானது. ஆதலால் அவ்வவ் விளையாட்டின் நடப்பாண்டு விதிநூலை நோக்குதல் பயிற்றுநரின் கடமையாகும்.

முத்திரையின் எல்லையையும் அறிதல் வேண்டும். 'உற்பத்தியான வேளையில் நியமத்திற்கு அமைந்தது' என்பதே அதன் பொருள். பின்னர் வெடித்ததற்கும், துளையிட்டு மாற்றியதற்கும், வேறொரு கவசத்தின் கம்பி முகக்காப்பைப் பூட்டியதற்கும் அது பொறுப்பேலாது. மூத்தோர் அணிந்து கழித்ததைத் தளர்வாக அணியும் சிறுமிக்கு எந்த முத்திரையும் துணையாகாது. மேலும், நியமம் ஆபத்தைக் குறைக்குமேயன்றி அறவே நீக்காது. நெஞ்சில் அடிபட்டு ஒருவர் சாய்ந்தால் உடனே நெஞ்சழுத்தம் கொடுத்தலும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி அளிக்கும் தன்னியக்கக் கருவியைத் தாமதமின்றிப் பயன்படுத்துதலும் வேண்டும்.

மெய் என்னும் சொல்லுக்கு உடல் என்றும் உண்மை என்றும் இருபொருள் உண்டு. சோதியாத கவசம் உண்மையை மறைக்கும். சோதித்துத் தேர்ந்து, பேணி, அளவறிந்து அணிந்த கவசம் உடலை மறைக்கும். மாணவரைக் களத்திற்கு அனுப்பும் ஆசிரியர் இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும்.