மணிக்கு மட்டும் பிரியாணி கிடையாது!

சங்கரன்கோவிலில் பிறந்துவிட்டு, பிரியாணி பக்கமே தலைவைக்கக் கூடாது என்றால் எப்படி இருக்கும்? எங்கள் வீட்டு மணிக்கு அந்தக் கதிதான்.

மணி ராஜபாளையமும் இல்லை, சிப்பிப்பாறையும் இல்லை. அக்மார்க் தெரு நாய். வயது 11. திடீரென்று சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. "ஏய்யா, இது குடிக்க குடிக்கு தனியா போர் போடணும் போலயே!" என்றார் அம்மா. வெயில் கொடுமை என்று நினைத்தேன். ராத்திரி திண்ணை நனைகிறதே என்று, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர்ச் சட்டியை எடுத்து ஒளித்து வைத்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு!

மூன்றாம் நாள் வாந்தி. பிரியாணி எலும்பை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பதறிப்போய் டாக்டரிடம் தூக்கி ஓடினேன். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் எகிறிக் கிடந்தது. நாள்பட்ட கிட்னிக் கோளாறு.

"தண்ணியை யாருங்க நிறுத்தச் சொன்னது?" என்றார் டாக்டர். திருதிருவென்று விழித்தேன்.

கிட்னி கெட்டால் சிறுநீரைச் சுண்ட வைக்கும் சக்தி போய்விடும். தண்ணீராகவே வெளியேறும். அதை ஈடுகட்டத்தான் நாய் அப்படிக் குடிக்கிறது. சட்டியைப் பிடுங்கினால் உடம்பு வறண்டு, மிச்சமிருக்கிற கிட்னியும் அவுட்! சுமார் மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகுதான் இந்த அறிகுறியே தெரியும். பி.காம். பாஷையில் சொன்னால், முதல் முக்கால்வாசி கரைந்த பிறகுதான் பேங்க்கிலிருந்து லெட்டர் வருகிறது. போனது திரும்பாது. மிச்சத்தைச் சிக்கனமாக ஓட்டுவதுதான் வைத்தியம்.

எலும்பு, ஈரல், கருவாடு எல்லாம் தடை. பாஸ்பரஸும் உப்பும் கெட்டுப்போன கிட்னிக்கு எமன். டாக்டர் சொன்ன அளவில் குழைந்த சோறு, முட்டையின் வெள்ளைக்கரு. (மஞ்சள் கரு எனக்கு!) வாரம் இரண்டு முறை தோலுக்கடியில் சலைன். நம் வலி மாத்திரையும் திராட்சையும் எந்த நாய்க்குமே ஆகாது.

உங்கள் வீட்டு நாய்க்கு ஏழெட்டு வயசாகிவிட்டதா? வருஷம் ஒருமுறை ரத்தம், சிறுநீர் டெஸ்ட் செய்துவிடுங்கள். நம்ம பக்கத்து ஆட்களுக்கு, திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆறு மாதம் ஆகிறது. பிரியாணிப் பார்சலை மொட்டை மாடியில் திருட்டுத்தனமாகத் தின்கிறேன். திண்ணை தினமும் நனைகிறது, கழுவிவிடுகிறேன். ராத்திரி சட்டியில் 'சளக்... சளக்' சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது.