கொழுந்துக் கூடையும் ஒரு கிராம் மருந்தும்

மலேசியாவின் தானா ராத்தா பக்கத்துத் தோட்டங்களில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்களுக்கு ஒரு கிலோ இலை எவ்வளவு என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்; முதுகுக்கே தெரியும். அவர்களுக்கு ஒரு கணக்கு: வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து 1 கிராம் எடுக்க, நித்தியகல்யாணியின் காய்ந்த இலை சுமார் 500 கிலோ வேண்டும்.

வாசல் செடியின் கதை

சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்குகிறோமே, அதே செடிதான். ஜமைக்காவில் அதன் கஷாயத்தை நீரிழிவுக்குக் குடித்தார்கள். அதைக் கேள்விப்பட்டு, கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிகளில் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள் சரிந்தன. ரத்தப் புற்றில் கட்டுமீறிப் பெருகுவது அந்த அணுக்கள்தானே! 1958-இல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். பிறகு அதே செடியிலிருந்து வந்தது வின்கிரிஸ்டின். செல் இரண்டாகப் பிரியத் தேவையான நுண்ணிழைகளை இவை உருவாக விடுவதில்லை. பிரிய முடியாத செல் மடிகிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு வின்கிரிஸ்டின் இன்றும் முக்கிய மருந்து.

கஷாயம் வைக்கலாமா?

கூடாது. வின்கிரிஸ்டினைப் பெரியவர்களுக்கே ஒரு வேளைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை. மிஞ்சினால் நரம்பு கெடும், கை கால் மரத்துப்போகும். செடிக்குச் செடி சத்து மாறும்போது, கஷாயத்தில் அந்த அளவை யார் பார்ப்பது?

நம் தேயிலை

தேயிலையில் உள்ள கேட்டெச்சின்கள் என்ற சேர்மங்கள் ஆய்வகத்தில் புற்றுச் செல்களை அடக்குகின்றன. ஆனால் தேநீர் குடித்துப் புற்று குணமானதாக நிரூபணம் இல்லை. பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரையை அதிகம் விழுங்கினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். சிகிச்சையில் இருப்பவர்கள் எந்த மூலிகை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். தேநீரை ஆற்றிக் குடியுங்கள்: 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் புற்றை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது.

வாயில் இருக்கும் ஆபத்து

எனக்கு அதிகக் கவலை தருவது வெற்றிலைப் பாக்குதான். மலேசிய இந்தியர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், வாய்ப்புற்று அதிகம் காணப்படுவதற்கு இந்தப் பழக்கம் பெரிய காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றை உண்டாக்கும். அதே முகமை 2004-லேயே இதை உறுதிசெய்தது. இதற்கு மாற்று மூலிகை எதுவும் இல்லை, துப்பிவிடுவதைத் தவிர.

வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, 2 வாரமாகியும் ஆறாத புண்ணோ, வாய் திறக்க இறுக்கமோ இருந்தால் இலை அரைத்துப் பூசி நாளைக் கடத்தாதீர்கள். சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் அரசு மருத்துவமனை தானா ராத்தாவிலேயே இருக்கிறது. பாட்டி வர மறுத்தால், கையைப் பிடித்து நீங்களே கூட்டிப்போங்கள்.