மெட்ராஸ் சக்கரம்

தென்கிழக்கு லண்டனில் இருக்கிறது வுலிச். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பீரங்கி வண்டிகள் அங்கிருந்த அரச ஆயுதச்சாலையில் தயாராயின. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றில் பூட்டப்பட்ட சக்கரத்துக்கு ராணுவக் கையேடுகளில் ‘மெட்ராஸ் மாதிரி’ என்று பெயர். பீரங்கி என்றதும் கண் குழாயின் மேலேயே போகும். ஆனால் ஆறு குதிரைகள் இழுத்து ஓடும் வண்டி போர்க்களம்வரை போய்ச் சேருமா என்பதைத் தீர்மானித்தவை அதன் சின்னச் சின்ன இரும்புச் சாமான்கள்: சக்கரம் கழன்று விழாமல் தடுக்கும் கடையாணி, வண்டியின் வால்பகுதியை முன்வண்டியோடு கோக்கும் கொக்கி, சேற்றில் சிக்கினால் கயிறு மாட்டி இழுக்க அச்சு முனையில் இருந்த கொக்கி வளையம். இவை எல்லாவற்றையும்விட அதிகச் சோதனைக்கு உள்ளானது சக்கரத்தின் நடுவில் ஆரக்கால்கள் கூடும் குடம். அதைத் திருத்தி அமைக்க வைத்தது லண்டனின் குளிரல்ல, சென்னை மாகாணத்தின் வெயில் என்பதே என் வாதம்.

காரணம் மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. காயும்போது மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். பழைய சக்கரத்தின் குடமோ ஒரே கட்டை. ஆரக்கால்களைச் செருக அதைச் சுற்றிலும் துளை போட்டிருப்பார்கள். இங்கிலாந்தில் குடத்துக்கு எல்ம், ஆரக்காலுக்கு ஓக், விளிம்பு வட்டைக்கு ஆஷ் என்று மரம் பிரித்து வைத்திருந்தார்கள். எல்மின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளக்காது. அங்கே காற்றிலும் ஈரம் உண்டு. நம் பக்கத்துக் கோடையில் அதே கட்டை வறண்டு வெடிக்கும், துளை தளரும், ஆரக்கால் ஆடத் தொடங்கும். மழை வந்தால் ஊதும், மறுபடி காயும். ஆடும் ஆரக்காலோடு பீரங்கியைச் சுட்டால் என்ன ஆகும்? பின்னுதைப்பை விழுங்கும் பொறியமைப்பு அன்றைய வண்டியில் கிடையாது. அடி அச்சு வழியாகக் குடத்தில் இறங்கும்.

மெட்ராஸ் மாதிரியில் மரக்குடமே இல்லை. நடுவில் அச்சு நுழையும் உலோகக் குழாய், இருபுறமும் வட்டத் தகடுகள், இடையில் ஆரக்கால்களின் அடிகள். ஒவ்வோர் அடியையும் ஆப்புபோல் செதுக்கியிருப்பார்கள். பன்னிரண்டும் வட்டமாகக் கூடி, கல் வளைவில் கற்கள் ஒன்றையொன்று தாங்குவதுபோல் நெருக்கி நிற்கும். தகடுகளை ஊடுருவும் போல்ட்டுகள் அத்தனையையும் கவ்விப் பிடிக்கும். தளர்ந்தால் நட்டை முறுக்கலாம். ஓர் ஆரக்கால் முறிந்தால் வெளித்தகட்டைக் கழற்றி அதை மட்டும் மாற்றலாம். மரக்குடம் வெடித்தாலோ சக்கரத்தையே பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும்.

நம் ஊர் மாட்டு வண்டிகள் மரக்குடத்தோடுதானே நூற்றாண்டுக்கணக்கில் ஓடின என்று கேட்கலாம். ஓடின, ஆனால் மாட்டின் நடையில். தளர்ந்த சக்கரத்தை நனைக்கக் குளம் பக்கத்தில் இருந்தது, செப்பனிடத் தச்சரும் இருந்தார். உலோகக் குடம் கனமாயிற்றே என்பது இன்னும் வலுவான கேள்வி. கனம்தான், அதைக் குதிரைகள் இழுத்தே ஆக வேண்டும். ஆனால் சுழலும் பொருளைச் சுழற்றுவதற்கான சிரமம், எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்தத் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. ஐந்தடி விட்டச் சக்கரத்தில் குடத்தில் கூடும் ஒரு கிலோ, வட்டையில் கூடும் ஒரு கிலோவைப்போல் உறுத்தாது. மூன்றாவதாக, மெட்ராஸ் என்ற பெயரை வைத்து இதைத் தமிழ்த் தச்சரின் கண்டுபிடிப்பு என்று கொண்டாடலாமா? கூடாது. சென்னையின் பீரங்கி வண்டிப் பட்டறை வெள்ளை அதிகாரிகளின் கையில் இருந்தது. பெயர் ஓர் இடத்தைச் சொல்கிறது, ஆளை அல்ல. நான் சொல்வது அதைவிடச் சிறியது. வுலிச்சில் பிறந்து காலனிக்குக் கப்பலேறியவை ஏராளம். இந்தக் குடம் எதிர்த்திசையில் பயணம் செய்திருக்கிறது.

உலோகக் குடத்தின் வழிவந்த சக்கரங்கள் இன்றும் உருள்கின்றன. அரசரின் குதிரைப் பீரங்கிப் படைப்பிரிவு 2012 முதல் வுலிச்சில்தான் இருக்கிறது. ஹைட் பார்க்கில் 41 குண்டு மரியாதைக்கு, ஒவ்வொன்றையும் ஆறு குதிரைகள் இழுக்க, அதன் 13 பவுண்டர் பீரங்கிகள் பாய்ந்து வரும். அப்போது குழாயை விட்டுவிட்டுச் சக்கரத்தின் நடுவைப் பாருங்கள்: ஆரக்கால்கள் வந்து கூடும் இடத்தில் ஓர் உலோகத் தகடு, அதில் வட்டமாகப் போல்ட் தலைகள்.